பஸ், வீதி, வாகன லைசன்ஸ் எல்லாம் கொழும்பு மாநகர சபையின் கையிலா?

இல்லை. வெள்ளவத்தையில் உங்கள் ஒழுங்கையில் பள்ளம் விழுந்தால் மாநகர சபையிடம் முறையிடலாம். ஆனால் காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு.

பஸ்ஸிலும் சபைக்குப் பெரிதாக வேலை இல்லை. புறக்கோட்டையிலிருந்து மஹரகம பக்கம் போகும் 138 தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுப்பது மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. கண்டி பஸ் மாகாணம் தாண்டுவதால் அதற்கு தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் இலங்கை போக்குவரத்துச் சபையுடையது.

வாகனப் பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். கண்ணாடியில் ஒட்டும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் மட்டும் மாகாணத்துடையது: பிரதேச செயலகத்திலோ ஒன்லைனிலோ எடுக்கலாம். காப்புறுதியையும் புகைப் பரிசோதனையையும் முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீண் அலைச்சல்தான்.