சேலையைச் சொல்லலாம், உடம்பைச் சொல்லலாமா? சிவப்புக் கம்பள உடைகள் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் கைத்தறிச் சேலை விற்பதும், கல்யாணம், மேடை நிகழ்ச்சி, விளம்பரப் படப்பிடிப்பு என்று வருகிறவர்களுக்குச் சேலை கட்டிவிடுவதும் என் தொழில். மே மாதம் பிறந்து நியூயார்க்கின் மெட் காலா ஃபேஷன் விழா, பிரான்ஸின் கேன்ஸ் திரைப்பட விழா படங்கள் போனில் சுற்ற ஆரம்பித்தால், கடைக்கு வருகிறவர்கள் சேலையைப் பிரித்துக்கொண்டே அதைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த நடிகை அழகாக இருந்தார், யார் ஊதிவிட்டார், யாருக்கு வயசு தெரிகிறது என்று பேச்சு போகும். இந்த முறை எல்லாரையும் கேள்வியாக எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு என் பதில் இது.

அக்கா, இந்த விழாக்களில் நடிகைகள் போடும் கவுன், நகை எல்லாம் சொந்தக் காசில் வாங்கியதா? ஒரு தடவை போட்டதை மறுபடி போடவே மாட்டார்களா?
(தேவகோட்டை, கல்லூரி மாணவி)

பெரும்பாலும் இரவல்தான், தங்கச்சி. ஆடை நிறுவனம் விழாவுக்குக் கொடுத்து அனுப்பும். முடிந்ததும் திரும்பிப் போய்விடும். விலை கூடிய நகை என்றால் காவலுக்கு ஆளும் கூடவே வருவார். யார் உடையை யார் போடுவது என்று பேசி முடிப்பது ஸ்டைலிஸ்ட் வேலை. ஐஸ்வர்யா ராய் வருஷா வருஷம் கேன்ஸ் படியில் நிற்கிறார் என்றால், லோரியால் என்ற அழகுசாதன நிறுவனத்தின் விளம்பர முகமாக நிற்கிறார். அந்த நிறுவனம் அந்த விழாவின் கூட்டாளி. நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு அது வேலை நாள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கடம் உண்டு. இரவலாக வருவது பெரும்பாலும் ஃபேஷன் ஷோவுக்குத் தைத்த சாம்பிள் உடை. அது மாடல் பெண்களின் மெலிந்த அளவுக்குத் தைத்தது. அந்த அளவுக்குள் அடங்காதவருக்கு உடை கிடைப்பதே பாடு. 2016-ல் அமெரிக்க நடிகை லெஸ்லி ஜோன்ஸ் தன் படத்தின் முதல் காட்சிக்கு உடை கொடுக்க எந்த வடிவமைப்பாளரும் முன்வரவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். கிறிஸ்டியன் சிரியானோ என்பவர்தான் அவருக்குச் சிவப்பு கவுன் தைத்துக் கொடுத்தார். ஆகையால் "இவருக்கு ஏன் சரியாக அமையவில்லை" என்று கேட்கும் முன், அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மறுபடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நடிகை ஜேன் ஃபோண்டா 2014-ல் கேன்ஸுக்குப் போட்ட சிவப்பு கவுனையே 2020 ஆஸ்கர் மேடையிலும் போட்டு வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த செயல்.

கம்பளம் ஏன் சிவப்பு? எப்போதிலிருந்து?
(புதுவயல், பத்தாம் வகுப்பு மாணவன்)

ஆஸ்கர் விழாவில் 1961 முதல் சிவப்பு. 2023-ல் மட்டும் ஷாம்பெயின் நிறம் என்று ஒரு வெளிர் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். பெரியவர்கள் நடக்கத் துணி விரிப்பது நமக்கும் பழக்கம்தான். கோயில் விசேஷத்திலும் மடாதிபதிகள் வரும்போதும் நடைபாவாடை விரிப்பதை நீ பார்த்திருக்கலாம், தம்பி. இன்னொரு செய்தி: நியூயார்க் மெட் காலாவின் 2023-ஆம் வருஷத்துக் கம்பளம் கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தில் நெய்து போனது. அதன் மேல் நடந்தவர்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். நெய்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம்தான்.

நேரில் பார்த்தால் மெலிந்து இருக்கும் நடிகை படத்தில் குண்டாகத் தெரிகிறாரே, ஏன்? என் தங்கை கல்யாண ஆல்பத்திலும் இதே கதை.
(கோட்டையூர், தையல் கடை வைத்திருப்பவர்)

நீங்கள் தையல்காரர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் கேமரா நிற்கும் இடம். கேன்ஸில் 24 படிகள். நடிகை மேலே ஏறும்போது படம் எடுப்பவர்கள் கீழே இருந்தால், கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் இடுப்பும் தொடையும் பெரிதாகவும், தலை சிறிதாகவும் விழும். அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிவார். கல்யாண மேடையில் கடைசியில் நிற்கும் சித்தி எப்போதும் குண்டாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்தது துணி. சாட்டின் மாதிரிப் பளபளக்கிற துணியில் ஒவ்வொரு மடிப்பின் மேட்டிலும் ஒளி பட்டுத் தெறிக்கும். மடிப்பு விழுகிற இடம் வயிறு என்றால் வயிறு இருக்கிறதைவிடப் பெரிதாகத் தெரியும். பருத்தி ஒளியை வாங்கிப் பரப்பிவிடும், அதனால் இந்தத் தொல்லை குறைவு. மெல்லிய கறுப்புத் துணி அறை விளக்கில் கனமாகத் தெரிந்தாலும், ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் இழை வழியே உள்ளே போய்த் தோலில் பட்டுத் திரும்பும். உள்ளே இருப்பது அப்படியே படத்தில் வந்துவிடும். "வேணும்னே அப்படிப் போட்டு வந்தா" என்று திட்டு வாங்கிய பல உடைகளின் கதை இதுதான். முகப் பவுடரில் சிலிக்கா கூடினாலும் ஃபிளாஷில் கண்ணுக்கடியில் வெள்ளைத் திட்டு விழும். பெரிய பெரிய நடிகைகளுக்கே இது நடந்திருக்கிறது.

கடையில் நான் செய்வது: துணியை ஒரு மடிப்பாக உள்ளங்கை மேல் விரித்து, கதவைச் சாத்தி இருட்டாக்கி, போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுப்பேன். படத்தில் கைரேகை தெரிந்தால் உள்துணி இல்லாமல் தைக்கக் கூடாது. ரவிக்கை தைக்க வருகிறவர்களுக்கு நீங்களும் செய்து காட்டுங்கள், நம்பிவிடுவார்கள்.

ஆச்சி, அவர்கள் பொது மனிதர்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள், நம்மைப் பார்க்கச் சொல்லித்தான் நிற்கிறார்கள். பார்த்தவன் கருத்துச் சொன்னால் என்ன குற்றம்?
(கண்டனூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சொல்லலாம் சார். நானும் சொல்கிறேன், கண்டிப்பாகவே சொல்வேன். கொசுவம் நழுவியிருந்தால் நழுவியிருக்கிறது என்பேன். ரவிக்கையின் தோள் தூக்கிக்கொண்டு நின்றால் அளவு எடுத்தவரைக் குறை சொல்வேன். உடை ஒருவர் செய்த வேலை, வேலையில் நல்லது கெட்டது உண்டு. ஆனால் அவருடைய மூக்கு, நிறம், இடுப்புச் சதை, கன்னச் சுருக்கம் இவை யாரும் செய்து காட்டிய வேலை இல்லையே. அதற்கு மார்க் போட நமக்கு என்ன உரிமை? டிக்கெட் வாங்கியது படத்துக்கு.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் பிளாக்வெல் என்ற வடிவமைப்பாளர் 1960-லிருந்து வருஷா வருஷம் மோசமாக உடுத்திய பெண்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி வரி எழுதிப் பேர் வாங்கினார். பிறகு டிவி அதையே முழு நேர நிகழ்ச்சி ஆக்கியது. இப்போது அந்தக் கேலி வரியை எழுத யாருக்கும் பத்திரிகை தேவையில்லை, போன் போதும்.

உடையைப் பற்றிய தீர்ப்பிலும் அவசரம் ஆகாது. 2001 ஆஸ்கருக்குப் பாடகி பியோர்க் வெள்ளை அன்னப் பறவை கழுத்தைச் சுற்றிப் படுத்திருப்பது மாதிரி ஒரு உடையில் வந்தார். மார்ஜான் பெஜோஸ்கி வடிவமைத்தது. அன்றைக்கு உலகமே சிரித்தது. 2015-ல் அதே உடை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. அன்று "மோசமான உடை" என்று பட்டியல் போட்டவர்கள் சொன்னதில் இன்றைக்கு எது நிற்கிறது, சொல்லுங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு. நடிகைகள் படத்துக்குக் கீழே வரும் கமெண்ட் எல்லாம் படிக்கிறாள். இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள். கேட்டால் "குண்டாயிட்டேன்" என்கிறாள். என்ன செய்ய?
(பள்ளத்தூர், ஒரு தாய்)

முதலில் ஒன்று: இரண்டு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடையைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டாம், அசதியாகத் தெரிகிறாய் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். உணவு சம்பந்தமான மனநலச் சிக்கலாக இருந்தால் அவர்களே சரியான இடத்துக்கு அனுப்புவார்கள். நான் துணிக்காரி, அந்த இடத்தில் என் யோசனை போதாது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நம் பக்கத்து விசேஷ வீடுகளில் பெண் பிள்ளை வளவுக்குள், அதாவது வீட்டு உள்முற்றத்துக்குள், காலெடுத்து வைத்ததும் முதல் பேச்சு என்ன? "என்ன ஆத்தா, இப்படி ஊதிட்டே", இல்லாவிட்டால் "துரும்பா இளைச்சிட்டியே, கறுத்துட்டியே." பாசத்தில்தான் கேட்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை போனில் படிக்கிற அதே வாக்கியம் வீட்டிலும் காதில் விழுந்தால், அதுதான் உண்மை என்று நம்பிவிடும். அப்பத்தா, அத்தை, பெரியம்மா எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசி, அவள் உடம்பைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் அவளிடம் இரண்டு பேர் கதையைச் சொல்லுங்கள். சமந்தா தனக்கு மயோசைடிஸ் என்ற தசை நோய் இருப்பதை 2022 அக்டோபரில் சொன்னார். சில மாதம் கழித்து ஒரு பட விழாவுக்கு வந்தபோது, அவர் முகத்தில் பழைய களை போய்விட்டது என்று ஒரு பதிவு சுற்றியது. மாதக்கணக்கில் சிகிச்சையும் மருந்துமாக இருந்த தன் நிலை உங்களுக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வதாக அவர் பதில் எழுதினார். பார்க்கிறவர்களுக்கு ஒரு முகம் தெரியும், அதற்குப் பின்னால் என்ன மாத்திரை, என்ன வலி என்பது தெரியாது.

இன்னொருவர் நடிகை கௌரி கிஷன். 2025 நவம்பரில் சென்னையில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அதற்கு முன் ஒருவர் அவருடைய எடை பற்றிக் கேட்டிருந்தது பேச்சாக வந்தது. அறை முழுக்க ஆண்கள், ஒருவர் குரலை உயர்த்திப் பேசுகிறார். அந்தப் பெண், படத்துக்கும் என் எடைக்கும் என்ன சம்பந்தம், இது உருவக்கேலி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பிறகு சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் நடிகர் சங்கமும் கண்டனம் தெரிவித்தன. உங்கள் மகள் அந்தக் காணொளியைப் பார்க்கட்டும். பதில் சொல்லலாம் என்று தெரிவதே பெரிய தைரியம்.

கமெண்ட் பகுதியைப் பார்க்கவே கூடாது என்று தடை போட்டால் ஒளித்துப் பார்ப்பாள். உட்கார்ந்து கூடவே பாருங்கள். "இந்தத் துணி என்ன? எங்கே மடிப்பு விழுகிறது? தைக்க எத்தனை பேர் வேலை செய்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். முதலில் சலித்துக்கொள்வாள், போகப் போகக் கண் துணிக்குத் திரும்பும். சனிக்கிழமை கடைக்குக் கூட்டி வாருங்கள், தறியையும் காட்டுகிறேன்.

ஹீரோக்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லையே?
(காரைக்குடி, வங்கி ஊழியர்)

குறைவு. ரஜினிகாந்த் வழுக்கைத் தலையோடு வேட்டி கட்டிப் பொது இடத்துக்கு வந்தால் எளிமை என்கிறோம். அஜித் 2011-லிருந்து நரை முடியோடு நடித்தால் கம்பீரம் என்கிறோம். இரண்டும் சரியான பாராட்டு. அதே வயதில் ஒரு நடிகை நரையோடு வந்தால் "உடம்பைக் கவனிக்கவில்லை" என்கிறோம். அந்தப் பாராட்டைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

நம் கண்டாங்கிச் சேலையை அந்தக் கம்பளத்தில் பார்க்க முடியுமா? இல்லை, பட்டும் ஜரிகையும்தான் எடுபடுமா?
(கானாடுகாத்தான், விருந்தினர் விடுதி நடத்துபவர்)

என் ஆசையைக் கேட்டுவிட்டீர்கள். தாராளமாக முடியும். பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு. தூரத்துக் கேமராவுக்கும் பளிச்சென்று தெரிகிற சேலை அது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால் கட்டுகிற முறை முக்கியம். புதுச் சேலையைக் கஞ்சியோடு அப்படியே கட்டினால் இடுப்பைச் சுற்றிப் புடைத்து நிற்கும், பிறகு அந்த நடிகையைத்தான் குண்டு என்பார்கள். இரண்டு முறை தண்ணீரில் அலசிக் கஞ்சியை இறக்கி, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் தேய்த்து எடுத்தால் உடம்போடு படியும். நான் சொல்வது பழைய ஆச்சிமார் கட்டிய பின்கொசுவம். கொசுவம் பின்னால் போய்விடுவதால் முன்பக்கம் கட்டம் உடையாமல் முழுசாகத் தெரியும். சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும், 24 படி ஏறினாலும் காலில் தடுக்காது. கேன்ஸில் 2025-லிருந்து நடையை மறிக்கிற நீள வால் உடைகளுக்குத் தடை. நம் சேலைக்கு அந்தக் கவலையே கிடையாது.

நகை விஷயத்தில் ஒரு கண்டிப்பு. கழுத்திருவை ஸ்டைலுக்காக யாருக்கும் மாட்டிவிடாதீர்கள். அது நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டும் தாலி நகை. காரைக்குடிப் பக்கம் செய்த வேறு எத்தனையோ பழைய நகை இருக்கிறது.

2024 மெட் காலாவுக்கு ஆலியா பட் வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் சேலையில் வந்தபோது, 163 பேர் சேர்ந்து மொத்தம் 1,965 மணி நேரம் செய்த வேலை அது என்று அவரே சொன்னார். சேலையைப் பற்றிப் பேச வைக்க அதுதான் வழி. கண்டாங்கி போனால், வடிவமைப்பாளர் பெயரோடு நெய்தவர் பெயரையும் கம்பளத்திலேயே சொல்ல வேண்டும் என்று நான் நிபந்தனை போடுவேன்.

கல்யாணத்துக்கு வீட்டு முகப்பிலிருந்து வளவு வரை சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொல்கிறார்கள். விரிக்கலாமா?
(ஆத்தங்குடி, பெண்ணின் தந்தை)

வேண்டாம் அண்ணே. ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க மெருகு ஏறி வழவழவென்று இருக்கும். அதன் மேல் மெல்லிய சிந்தெடிக் கம்பளம் போட்டால் வழுக்கும், வயசானவர்கள் விழுவார்கள். டேப் போட்டு ஒட்டினால் பசை கல்லில் பிடித்துக்கொள்ளும். கட்டாயம் வேண்டும் என்றால் வாசலுக்கு வெளியே தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே அந்தப் பூத்தரையே படத்துக்கு அழகு.

ஸ்டைலிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்க?
(தேவகோட்டை ரஸ்தா, பிளஸ் டூ மாணவி)

உன் ஊர் ரஸ்தாவில்தான் மெய்யப்பச் செட்டியார் 1940-களில் ஏவிஎம் ஸ்டுடியோவை நடத்தினார், அதனால் தூரம் என்று நினைக்காதே. சென்னைத் தரமணியில் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுது. உடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் பானு அத்தையா, 1983-ல். அவர் செய்த வேலைகளைத் தேடிப் பார். அதுவரைக்கும் தையல் பழகு: கை ஊசி, ஹெம்மிங், கொக்கி வைப்பது, கிழிசலை அவசரத்துக்கு மறைத்துத் தைப்பது. ஒரு பையில் நூல், ஊசி, பின், இரட்டைப் பக்க டேப், கறை எடுக்கச் சாக்பீஸ் வைத்துக்கொள். அளவெடுக்கும்போது எண்ணை உரக்கச் சொல்லாமல் எழுதிக்கொள்ளப் பழகு. என்னிடம் வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருவது அதைத்தான்.