அவ்வளவுதானா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. தொல்லியல் பக்கம் ஆர்வம் வரட்டும் என்று 'தோண்டி எடு' விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் கட்டியை உடைத்து டைனோசரை வெளியே எடுத்துவிட்டு "அவ்வளவுதானா?" என்றாள். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அருங்காட்சியகத்துக்கு இது ஏற்ற வயதா?

ம.

அன்புள்ள ம.,

அப்படிக் கேட்ட பிள்ளைக்கு என் அன்பு. திட்டு உங்களுக்குத்தான். டைனோசர் தொல்லுயிரியல்; தொல்லியல் மனிதர் விட்டுப்போன தடயங்களைப் பற்றியது. நடுவே ஆறு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி!

வயதெல்லாம் ஒரு கேள்வியா? 1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகையில் அப்பா தரையைக் கிளறிக்கொண்டிருந்தபோது, அண்ணாந்து பார்த்துக் கூரையிலிருந்த காட்டெருமை ஓவியங்களைக் கண்டவள் எட்டு வயது மரியா. அறிஞர்கள் அவற்றின் பழமையை ஒப்புக்கொள்ள 1902 ஆயிற்று. அருங்காட்சியகத்தில் ஒரு தடவைக்கு ஓர் அறை போதும். புத்தகமென்றால், அகழ்குழியின் பக்கச்சுவரை, அதில் தெரியும் மண் அடுக்குகளோடு, வரைந்து காட்டுவதாகப் பாருங்கள்.

அந்தப் பெட்டியின் கோளாறு வேறு. பொருளை வெளியே எடுப்பதுதான் வேலை என்று அது பழக்குகிறது. ஒரு பானை ஓடு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் ஓடு. மண்ணைத் திரும்ப அடுக்கிப் பார்க்கவும் முடியாது.

நீங்களே ஒன்று தயார் செய்யுங்கள். 30 செ.மீ. ஆழத்தில் அகலமான தொட்டி. அடியில் மணல், மேலே கருமண், அதற்கும் மேலே செம்மண், ஒவ்வொன்றும் 8 செ.மீ. பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் வேண்டும். காய்ந்திருந்தால் சரிந்து கலந்துவிடும். சொதசொதவென்றால் கரண்டியில் அப்பிக்கொள்ளும். ஒரு பானையைத் துணியில் சுற்றி உடைத்து, ஓடுகளைக் கருமண்ணில் புதையுங்கள். விளிம்பைத் தேய்த்து மழுக்காதீர்கள், பிறகு பொருந்தாது. அவள் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

இப்போதுதான் விஷயம். செம்மண் பரப்பும் முன், கருமண்ணைத் துளைத்து மணல்வரை டம்ளர் அகலத்தில் ஒரு குழி பறியுங்கள். அடியில் புது நாணயம் ஒன்றைப் போட்டு, குழியைச் செம்மண்ணால் நிரப்புங்கள்.

தொட்டிமேல் 10 செ.மீ. கட்டங்களாக நூல் கட்டுங்கள். கரண்டியின் விளிம்பால் ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாகச் சுரண்ட வேண்டும், குத்தக் கூடாது. ஈர மண்ணில் பிரஷ் போட்டால் நிற வேறுபாடு அழிந்துபோகும். எதையும் எடுக்கும் முன் கட்டத்தாளில் வரைய வேண்டும். கட்டத்துக்கும் அடுக்குக்கும் தனித்தனி உறை. ஓடுகளைப் பானையின் அடியிலிருந்து தொடங்கி முதலில் டேப்பால் ஒட்டிப் பார்க்கட்டும். தொடக்கத்தில் இம்மி விலகினாலும் கடைசி ஓடு உட்காராது. தண்ணீரில் கரையும் பசையே நல்லது, பிரித்து ஒட்டலாம்.

நாணயம் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்ததால் அதுதான் ரொம்பப் பழசு என்பாள். வாயைத் திறக்காதீர்கள். கருமண்ணில் தெரிந்த செம்மண் வட்டத்தை வரைந்து வைத்தாளா என்று மட்டும் கேளுங்கள்.