புதிய காருடன் வந்த செயற்கைக்கோள் வானொலியின் மூன்று மாத இலவசக் காலம் முடிகிறது. பணம் கட்டித் தொடரலாமா?

மூன்று மாத இலவசக் காலம் என்று கேள்வியில் இருப்பதால், நீங்கள் அமெரிக்காவில் அண்மையில் கார் வாங்கியவர் என்றும், சந்தாவை நினைவூட்டும் உறைகள் உங்கள் தபால் பெட்டியில் விழத் தொடங்கியிருக்கும் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சந்தாவால் நான் அடைந்த பயனும் உண்டு, அதில் வீணாக்கிய பணமும் உண்டு. இரண்டையும் எழுதாமல் கட்டலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2016 முதல் ஐந்து ஆண்டுகள் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் குடியிருந்தேன். சிற்றூர் மருத்துவமனைகளில் உள்ள இரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதும் அளவு சரிபார்ப்பதும் என் வேலை. மாதம் இரண்டு முறையாவது அதே மாநிலத்தின் ஈலி என்ற ஊர் வரை போய்வர வேண்டியிருந்தது. ஐம்பதாம் எண் நெடுஞ்சாலை வழியே அது ஏறத்தாழ 320 மைல். 1986இல் லைஃப் பத்திரிகை அந்தச் சாலையை அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்று எழுத, மாநில அரசு கோபப்படாமல் அதையே பலகையில் எழுதி நட்டு வைத்துச் சுற்றுலாப் பயணிகளை அழைத்தது. ஃபாலனைத் தாண்டினால் ஆஸ்டின் என்ற அடுத்த ஊருக்கு 110 மைல். அங்கிருந்து யுரேகாவுக்கு 70 மைல். அதன் பிறகு ஈலிக்கு இன்னும் 77 மைல். பண்பலை வானொலி ஃபாலனுக்கு அப்பால் வெகு தூரம் உடன் வராது. கைப்பேசிச் சிக்னல் ஊருக்கு அருகில் தலைகாட்டும், ஊரைத் தாண்டியதும் மறைந்துவிடும்.

முதல் ஆண்டு முழுவதும், புறப்படுவதற்கு முந்தைய இரவில் பாடல்களைக் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டுதான் போனேன். இதைப் படித்ததும் "அதுவே போதுமே" என்று கருத்துரையில் எழுதப் போகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: போதவில்லை. ஐந்தாறு மணி நேரம் ஒரே நேர்கோட்டில் ஓட்டுகிறவனுக்கு, அடுத்து எந்தப் பாட்டு வரும், அதில் எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழையும் என்பது வரை மனப்பாடமாகிவிட்ட பட்டியல் தாலாட்டாகவே மாறிவிடுகிறது. யுரேகாவுக்கு முன்னால் ஒரு பிற்பகலில் சக்கரம் சாலையோரச் சரளைக் கற்களில் ஏறிய ஓசை கேட்டு விழித்தபோது, பிடித்தமான பாட்டு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு வாங்கிய பழைய காரில் இந்த வானொலியின் இலவசக் காலம் தானாகவே வந்து சேர்ந்தது. அந்த மூன்று மாதங்களில் என் பயணம் வேறாகிவிட்டது என்று சொன்னால் மிகையென்று தோன்றலாம், ஆனாலும் அது உண்மை. எங்கோ ஒருவர் அந்த நேரத்தில் உண்மையாகவே பேசிக்கொண்டிருக்கிறார், அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது என்பதே என்னை விழிப்பாக வைத்திருந்தது. மனிதர் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் பிபிசியின் செய்தி கேட்டேன். எழுபதுகளின் பாடல்கள் ஏழாம் எண்ணிலும் எண்பதுகளின் பாடல்கள் எட்டாம் எண்ணிலும் இருப்பதைப் பார்த்து, இவ்வளவு எளிய ஏற்பாடு மற்ற இடங்களில் ஏன் இல்லை என்று வியந்தேன். பேஸ்பால் விதிகளை நான் கற்றுக்கொண்டது ஆஸ்டினுக்கும் யுரேகாவுக்கும் நடுவில்தான். அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத எனக்கு இன்றைக்கும் அது காதால் ஆடும் விளையாட்டு.

பாலைவனத்தில் இது இவ்வளவு தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒலிபரப்பு 2.3 கிகாஹெர்ட்ஸ் அருகில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. காரின் கூரையில் சுறாத் துடுப்புப் போலிருக்கும் ஆன்டெனாவுக்குத் தெற்கு வானம் மறைவின்றித் தெரிந்தால் போதும். ஒரே நிகழ்ச்சியைச் சில விநாடி இடைவெளியுடன் இரு வழிகளில் அனுப்பி, கேட்பொறியும் சில விநாடிகளைச் சேமித்து வைத்துக்கொள்வதால், பாலத்தின் அடியில் நுழைந்து வெளிவருவது காதுக்குத் தெரிவதில்லை. ஆனால் மரமும் மலையும் நெருக்கிய இடத்தில் இந்த ஏற்பாடெல்லாம் எடுபடாது. வடக்குக் கலிஃபோர்னியாவில் செம்மரக் காடுகளின் ஊடே ஒருமுறை குடும்பத்துடன் சென்றபோது, ஒரு வாக்கியம்கூட முழுமையாகக் கேட்கவில்லை. நிலத்தடி வாகன நிறுத்தத்தில் எதுவுமே கேட்காது. நகரங்களில் இந்தக் குறையை ஈடுகட்டத் தரையில் மறு ஒலிபரப்பிகளை நிறுவியிருக்கிறார்கள். ஆனால் செயற்கைக்கோளில் வருவதை மட்டுமே அவை திரும்ப ஒலிபரப்பலாம், அந்தந்த ஊருக்கென்று தனியாக எதையும் சேர்க்கக்கூடாது என்பது விதி.

இந்த விதியின் பொருள் எனக்கு ஒரு டிசம்பர் மாலையில் புரிந்தது. ஈலியிலிருந்து திரும்பும்போது கிழக்குக் கடற்கரையில் எந்தப் பாலம் நெரிசலில் திணறுகிறது என்பதை விரிவாகச் சொன்ன அந்த வானொலி, எனக்கு முன்னால் இருந்த கணவாயில் பனி கொட்டுகிறது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது, கரகரத்துக்கொண்டு வந்த பழைய ஏஎம் (மத்திய அலை) நிலையம் ஒன்று. ஏஎம் அலைகள் இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல் பயணம் செய்யும். சால்ட் லேக் சிட்டியின் கேஎஸ்எல் நிலையம் 1160 கிலோஹெர்ட்ஸில் 50 கிலோவாட் திறனுடன் ஒலிபரப்புவதால், இரவில் நெவாடாவின் உள்ளே நெடுந்தூரம் வரை கேட்கும். ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போது என் மனக்குறை ஒன்றையும் இறக்கி வைத்துவிடுகிறேன். சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய மின்சாரக் காரில் ஏஎம் இல்லவே இல்லை. மோட்டாரின் மின்காந்த இரைச்சல் அந்த அலைகளைக் கெடுக்கும் என்பது தயாரிப்பாளர் தரப்பின் விளக்கம். இரைச்சலைத் தடுப்பதற்கான செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது என் ஐயம். எல்லாக் கார்களிலும் ஏஎம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2023இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஒரு மசோதாவே கொண்டுவரப்பட்டது என்றால், இந்த எரிச்சல் எனக்கு மட்டும் இல்லை என்பது தெளிவு. உங்கள் காரில் ஏஎம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, பணத்தைப் பற்றி. இந்தத் தொழிலில் இப்போது அமெரிக்காவில் சிரியஸ்எக்ஸ்எம் என்ற ஒரே நிறுவனம்தான். 1997இல் உரிமம் வழங்கியபோது அரசு இருவருக்குக் கொடுத்து, ஒருவரை மற்றவர் விலைக்கு வாங்கக்கூடாது என்றும் நிபந்தனை வைத்தது. எக்ஸ்எம் 2001இலும் சிரியஸ் 2002இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. கடனில் மூழ்கிக்கொண்டே போட்டி போட்டு, 2008 ஜூலையில் அரசின் ஒப்புதலுடன் ஒன்றாயின. ஆகவே இன்றைக்கு அதன் உண்மையான போட்டியாளர் உங்கள் கைப்பேசிதான். பட்டியலில் போட்டிருக்கும் விலையை நான் ஒருபோதும் விலையாகக் கருதாததற்கு இதுவே காரணம். போகிறேன் என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு அதில் பாதிக்கும் குறைவான தொகை சொல்லப்படுவது பரவலாகத் தெரிந்த செய்தி. நான் கட்டிய காலத்தில் அந்தத் தொகைக்கு மேல் இசை உரிமைக் கட்டணம் என்று தனியாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தது, வரி அதற்கும் மேல். இந்தக் கட்டணத்துக்கு ஒரு பின்னணி உண்டு: சாதாரண வானொலி அமெரிக்கச் சட்டப்படி பாடலை இயற்றியவர்களுக்கு மட்டும் உரிமைத்தொகை கொடுத்தால் போதும், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, செயற்கைக்கோள் வானொலியோ அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். பாடகருக்குப் பணம் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஒப்பிடும்போது அந்தத் தொகையையும் கூட்டி ஒப்பிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் வீணாக்கிய பணத்தை இனியும் மறைக்க முடியாது. 2021இல் வேலை மாறி சேக்ரமெண்டோவுக்கு வந்தோம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இருபது நிமிடம்; அதில் கடைசி மூன்று நிமிடம் நிலத்தடியில். காரில் ஏறியதும் கைப்பேசி தானாக இணைந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்துவிடும். செயற்கைக்கோள் என்று எழுதிய பொத்தானை நான் தொடவே இல்லை. சலுகைக் காலம் முடிந்து முழு விலைக்கு மாறிய சந்தா, கடன் அட்டையில் மாதாமாதம் கழிந்துகொண்டிருந்ததைப் பதினான்கு மாதம் கழித்து, வரிக் கணக்குக்காகத் தாள்களைப் புரட்டிய என் மனைவிதான் கண்டுபிடித்தார். கூட்டிப் பார்த்ததில் 290 டாலருக்கு மேல். அறிவிப்பு மின்னஞ்சல்கள் முறையாகத்தான் வந்திருந்தன. திறக்காமல் விட்டது நான். எதிராளி மேல் பழி போடுவதற்கு இடமே இல்லாத ஏமாற்றம் அது.

ரத்து செய்வது கடினம் என்று பலர் சொல்வது வெறும் புலம்பல் என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் இதற்காகவே 2023 டிசம்பரில் வழக்குத் தொடுத்தார். ரத்து செய்யும் முறை கூட்டாட்சிச் சட்டத்தை மீறுகிறது என்று 2024 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகவே சேரும் நாளிலேயே முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பவர் மட்டும் சேரட்டும்.

ஒலித் தரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் மொத்தம் 25 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடைக்கப்படுவதால் ஒலியை மிகவும் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். தாளத்தின் கிண்கிணி ஓசை நீருக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கும். எழுபது மைல் வேகத்தில் டயர் இரைச்சலுக்கு நடுவே அது எனக்கு உறுத்தவில்லை. நல்ல ஒலிபெருக்கிக்காகக் கூடுதல் பணம் கொடுத்துக் கார் வாங்கியவருக்கு உறுத்தும். நான் கட்டிய சந்தாவில் இசை அலைவரிசைகளில் விளம்பரம் இருந்ததில்லை. செய்தி, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றில் தாராளமாக உண்டு. நாள் முழுவதும் தமிழ் ஒலிக்கும் அலைவரிசை எதையும் என் கேட்பொறியில் நான் கண்டதில்லை. வீட்டில் பெரியவர்களுக்காக என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீதமிருக்கும் இலவச நாட்களில், கைப்பேசி இணைந்திருக்கும்போதும் செயற்கைக்கோள் பொத்தானை நீங்களாகவே அழுத்திய தடவைகளை எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்றுகூடத் தேறவில்லை என்றால், விடுங்கள். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு விலை அதிகம். மாதத்தில் ஏழெட்டு மணி நேரமாவது சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுகிறீர்கள் என்றால், தயங்காமல் சலுகை விலைக்குக் கட்டுங்கள். நான் அந்த நிறுவனத்தின் ஆள் இல்லை. இப்போது சந்தாதாரர்கூட இல்லை. ஆனால் வரும் கோடையில் ஈலிக்கு ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் திரும்பச் சேருவதாக இருக்கிறேன். முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறிக்கும் வேலையை இம்முறை மனைவியிடமே கொடுத்துவிட்டேன்.