ஏவுகணை நீர்மூழ்கிகளின் உதிரி பாகங்கள்: கேள்வி பதில்

ஒஹாயோ வகை என்பது அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி. நீளம் 170 மீட்டர். ட்ரைடன்ட் என்ற அணு ஏவுகணைகளைச் சுமப்பது. அதன் பராமரிப்பு பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மீனா: நடுக்கடலில், நீருக்கடியில் ஒரு பம்ப் பழுதானால்?

உள்ளே இருப்பவர்களே சரிசெய்ய வேண்டும். தான் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இந்தக் கப்பலின் வேலை. உதிரி கேட்டு ரேடியோவில் பேசினாலே இடம் வெளிப்பட்டுவிடலாம். அதனால் எது கெடும், எது கெட்டால் சமாளிக்க முடியாது என்று கணக்குப் போட்டு, புறப்படும்போதே பாகங்களை ஏற்றிவிடுகிறார்கள்.

அன்வர்: பெரிய இயந்திரத்தை வெளியே எடுக்கக் கப்பலை வெட்டுவார்களா?

பல நீர்மூழ்கிகளில் வேறு வழியில்லை. வெட்டிய உடலைத் திரும்ப வெல்டிங் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒஹாயோவில் இதற்கென்றே மூன்று பெரிய வாய்கள் வைத்தார்கள். உணவு மூட்டை முதல் இயந்திரப் பாகம் வரை அவற்றின் வழியாகவே போய்வரும். அதனால் துறையில் வேலை சீக்கிரம் முடிகிறது: சராசரியாக 77 நாள் கடலில், 35 நாள் துறையில். நீலம், தங்கம் என்று இரண்டு மாலுமிக் குழுக்கள் மாறி மாறிப் போகின்றன. மனிதர்கள் ஓய்வெடுக்கலாம், கப்பலுக்கு ஓய்வு குறைவு.

சுந்தர், கோவை: எங்கள் ஊர் ஃபவுண்டரியிலேயே வால்வு வார்க்கிறோம். இதில் மட்டும் என்ன அப்படி விசேஷம்?

உலோகத்தைவிட அதன் ஜாதகம்தான் விசேஷம். 1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஆழச் சோதனையில் மூழ்கி 129 பேர் இறந்தார்கள். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கடல்நீர் பீய்ச்சியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அதன்பிறகு வந்ததுதான் சப்சேஃப் திட்டம். கடல்நீரைத் தடுத்து நிற்கும் ஒவ்வொரு பாகமும் எந்த உருக்கிலிருந்து வந்தது, யார் சோதித்தார், யார் கையெழுத்திட்டார் என்பது பதிவாக வேண்டும். அந்தச் சான்று பெற்ற எந்த நீர்மூழ்கியும் இதுவரை மூழ்கிப்போனதில்லை.

ஆனால் கையெழுத்து பொய்யானால்? வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் ஒரு ஃபவுண்டரியில் அதுதான் நடந்தது. நீர்மூழ்கி வார்ப்புகளின் வலிமைச் சோதனை முடிவுகளை ஆய்வகப் பொறுப்பாளர் பல ஆண்டுகளாகத் திருத்தி எழுதியது 2017இல் வெளிவந்தது. 2022இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மூழ்கிய கப்பல் எதுவும் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே பொருத்திய பாகங்களை எல்லாம் மறுபடி ஆராய வேண்டியிருந்தது. எனக்கு இது மன்னிக்க முடியாத குற்றமாகவே படுகிறது. அந்தக் காகிதத்தை நம்பித்தானே நூற்றைம்பது பேர் கீழே போகிறார்கள்!

தேவி: ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதுண்டா?

உண்டு. பிரிட்டனில் இது அதிகரித்ததைப் பற்றி 2017இல் தணிக்கை அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. இதன் உச்சம் பிரான்சில். அங்கே சிக்கியது ஏவுகணைக் கப்பல் இல்லை, எதிரிக் கப்பல்களை வேட்டையாடும் தாக்குதல் நீர்மூழ்கிதான்; ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூனில் தூலோன் துறையில் பெர்ல் என்ற அந்த நீர்மூழ்கி தீப்பிடித்து அதன் முன்பாதி பாழானது. அதே வகையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற சஃபீர் நீர்மூழ்கியின் முன்பாதியை வெட்டி, பெர்லின் பின்பாதியோடு இணைத்தார்கள். கப்பல் மீண்டும் கடலுக்குப் போனது.

ரவி: அணு உலைக்கும் உதிரி உண்டா?

உலையை மாற்றுவதில்லை, எரிபொருளைத்தான். ஒஹாயோவுக்கு வாழ்நாளின் நடுவில் ஒருமுறை. அடுத்து வரும் கொலம்பியா வகைக்கு அதுவும் வேண்டாம், முதல் எரிபொருளே கடைசிவரை போதும். எரிபொருள் மாற்றத் துறையில் நிற்கும் காலம் மிச்சம். அதனால்தான் 14 ஒஹாயோக்களின் வேலையை 12 கொலம்பியாக்களிடம் ஒப்படைக்கிறார்கள்.