வெட்னஸ்டே ஆடம்ஸை ரசிகர்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவது உங்களுக்குப் பிடிக்கிறதா?

பிடிக்கும். ஆனால் படிக்கிறதில் பாதி எரிச்சலையும் கிளப்பும்.

'வெட்னஸ்டே' நெட்ஃப்ளிக்ஸில் 2022-ல் வந்த தொடர். நெவர்மோர் என்ற விடுதிப் பள்ளி, சுற்றி நடக்கும் கொலைகள், சிரிக்காமல் துப்பறியும் பெண் வெட்னஸ்டே ஆடம்ஸ். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இது என்றால் உயிர். வெட்னஸ்டேயை வேலூர் ஹாஸ்டலில் சேர்த்து, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் முறுக்கு டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நோட்டை நீட்டுவாள்.

முதல் சிக்கலே சடையில். இரட்டைச் சடைதான் வெட்னஸ்டேயின் அடையாளம். இங்கே ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை எந்தத் தலையில் இல்லை? காலை பிரேயரில் பார்த்தால் வரிசை வரிசையாக வெட்னஸ்டேதான். அதனால் இவள் தன் கதையில் வெட்னஸ்டேயின் முடியை விரித்துப் போட்டுவிட்டாள். "தலைவிரி கோலமா நின்னா வார்டனே பயந்துக்கும் அத்தை." கறுப்பு உடையை மட்டும் விடச் சொன்னேன். கத்திரி வெயிலில் வேலூரில் முழுக்கை கறுப்புச் சட்டை போட்டால் பார்க்கிறவருக்குப் பரிதாபம்தான் வரும்.

அப்புறம் பெயர். கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஆடம்ஸ் 1938-லிருந்து பத்திரிகையில் வரைந்த ஆடம்ஸ் குடும்பத்துப் பெண்தான் இவள். அந்தக் கார்ட்டூன்களில் அவளுக்குப் பெயரே கிடையாது. 1960-களில்தான் வைத்தார்கள். புதன்கிழமை பிறந்த பிள்ளைக்குத் துயரம் என்று சொல்லும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலிருந்து வந்த பெயர். நமக்கோ பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது! 'புதன்' என்று வைத்தால் மங்களகரமாகிவிடும். செவ்வாய் என்று வை, தோஷம் என்று ஊரே ஒதுங்கும், அவளுக்கு அதைவிட என்ன வேண்டும் என்றேன். கேட்கவில்லை. சனிதானாம். "எங்கம்மா தினிக்கும் என்னை அப்படித்தான கூப்பிடுது?"

மர்மத்துக்குக் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில். சாமி இல்லாத கோயில் என்று பெயர் வாங்கியிருந்ததே, அதைத் துப்பறிய வேண்டுமாம். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-லேயே திரும்பி வந்தாச்சு, கேஸ் முடிந்தது என்றேன். சரி, கதை 1980-ல் நடக்கட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எனக்கு எரிச்சல் என்றேனே, அது வேறு விஷயம். நான் படித்த ரசிகர் கதைகள் பலவற்றில் வெட்னஸ்டே முதல் அத்தியாயத்திலேயே அழுகிறாள், ரூம்மேட் ஈனிட்டைக் கட்டிக்கொள்கிறாள். இருவருக்கும் காதல் வரட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தன் பக்கத்து ஜன்னலில் ஒட்டியிருந்த கலர் ஷீட்டைப் பிய்த்தெறிந்த பெண் அவள். முதல் சீசனின் எட்டாவது, கடைசி எபிசோடில் ஈனிட் வந்து கட்டிக்கொள்ளும்போதுதான் தானும் கையைப் போடுகிறாள். அத்தனை நாள் விலகி நின்றதால்தான் பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது. முதல் நாளே கட்டிக்கொண்டால் அப்புறம் என்ன இருக்கு?

என் அண்ணன் மகள் கதையில் சனி யாரையும் தொடுவதில்லை. ரூம்மேட்டுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி, தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதுவரை யார் கண்ணிலும் காட்டாத எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டெடுத்துக் கஞ்சித் தட்டின் ஓரத்தில் வைக்கிறாள். "நீ செத்துட்டா எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்ல, சாப்பிடு."