பந்து வராதபோது அவர் என்ன செய்கிறார்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவர்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: 40 கஜத்தை 4.4 வினாடிக்குள் ஓடாதவரை முதல் சுற்றில் எடுப்பது தவறுதானே?

தவறில்லை. கூப்பர் கப் 4.6 வினாடி எடுத்துக்கொண்டார். 2017 டிராஃப்டில் மூன்றாம் சுற்றுவரை காத்திருந்தார். 2021-இல் 145 பந்துகளைப் பிடித்து, அவற்றால் அணி முன்னேறிய தூரத்தில் 1,950 கஜத்தை நெருங்கினார். அவர் வந்த அதே ஆண்டில் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடி டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனையான கம்பைனின் அன்றைய சாதனையை முறியடித்தார். ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டார். காயங்களும் சேர்ந்துகொள்ள, முதல் பருவத்தில் ஒரு பந்தைக்கூட அவர் பிடிக்கவில்லை.

கேள்வி: ஒரே பருவத்தில் 1,400 கஜம் எடுத்திருக்கிறார். இவர் தேறுவாரா?

எந்தக் கல்லூரி, எந்த வயதில், அணி வீசிய பந்துகளில் அவருக்கு எத்தனை வந்தன? இவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். 19 வயதில் தன் அணி பந்தை வீசி எடுத்த பாஸிங் கஜங்களில் மூன்றில் ஒரு பங்கை எடுப்பவரும், 23 வயதில் தன்னைவிட நான்கைந்து வயது இளையவர்களுக்கு எதிராக அதே கஜத்தை எடுப்பவரும் ஒன்றல்ல. அடுத்த முறை முழு விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: கையின் அளவு முக்கியமா?

ஒன்பது அங்குலத்துக்குக் கீழே என்றால் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கையை நீட்டிப் பிடிக்கிறாரா, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறாரா என்பதே முக்கியம்.

கேள்வி: ஒரு ரிசீவரின் சிறந்த காட்சிகளின் தொகுப்பை மூன்று முறை பார்த்தேன். இரண்டு பேருக்கு நடுவே எகிறி ஒற்றைக் கையால் பிடிக்கிறார். முதல் பத்துக்குள் போக வேண்டியவர் என்பது என் மதிப்பீடு. சரியா?

நீங்கள் இன்னும் மதிப்பிடவே தொடங்கவில்லை. பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறேன், மறுபடியும் சொல்கிறேன்: தொகுப்பைப் பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள். ஓர் ஆட்டத்தில் ரிசீவர் 60 ஸ்னாப்புகளில் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) களத்தில் இருந்தால், பந்து அவரை நோக்கி வருவது பத்து முறைதான். நீங்கள் பார்த்தது அந்தப் பத்திலும் மிகச் சிறந்த ஒன்றோ இரண்டோ. மீதி ஐம்பதில் அவர் என்ன செய்தார்? பந்து தனக்கு வராது என்று தெரிந்தும் ரூட்டை, அதாவது தனக்கு வகுத்த ஓட்டப் பாதையை, முழு வேகத்தில் ஓடினாரா? பந்தோடு ஓடுபவருக்காக எதிராளியை மறித்து பிளாக் செய்தாரா?

எந்தத் தொகுப்பிலும் வராத ஒன்றைச் சொல்கிறேன். 12 கஜம் நேராக ஓடி, சட்டென்று நின்று திரும்பும் கர்ல் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ரிசீவரின் மார்பு கடைசி அடிவரை முன்னால் சாய்ந்தே இருக்கும். பிறகு இடுப்பு இறங்கும். இரண்டு மூன்று அடிகளில் நின்றுவிடுவார். எதிரே அவரைத் தடுக்க நிற்கும் கார்னர்பேக் இன்னும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பார். தேறாதவரோ ஒன்பதாவது கஜத்திலேயே நிமிர்ந்துவிடுவார். சின்னச் சின்னதாக ஐந்தாறு அடிகள் வைத்துத்தான் நிற்க முடியும். அந்த நிமிர்வைப் பார்த்ததுமே கார்னர்பேக் முன்னால் பாய்ந்து வருவார். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் வீசவே மாட்டார். வீசாத பந்து எந்தத் தொகுப்பில் வரும்?

இரண்டு பேருக்கு நடுவே பிடிப்பது திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் எப்போதும் இரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2016-இல் 23-ஆவது ஆளாகப் போன லக்வான் டிரெட்வெல் நெருக்கத்தில் பந்தைப் பறிப்பதில் பெயர் பெற்றவர். எதிராளியைக் கழற்றிவிட்டு விலகும் வேகம் உண்டா என்ற கேள்வி அப்போதே இருந்தது. முதல் பருவத்தில் பிடித்தது ஒரே ஒரு பந்து. அதே டிராஃப்டில் 47-ஆவதாகப் போன மைக்கேல் தாமஸ் 2019-இல் 149 பந்துகளைப் பிடித்துச் சாதனை படைத்தார். மூன்று முழு ஆட்டங்களை, ஒவ்வொரு ஸ்னாப்பையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதில் ஒன்றாவது அவர் சோபிக்காத ஆட்டமாக இருக்கட்டும்.

கேள்வி: வெளிப்புற ரிசீவருக்கு உட்பக்கமாக நிற்கும் ஸ்லாட்டில் மட்டும் ஆடியவரால் வெளிப்புறம் ஆட முடியாது என்கிறார்களே?

இந்தப் பேச்சை நம்பியவர்கள் 2020-இல் ஜஸ்டின் ஜெஃபர்சனைத் தவறவிட்டார்கள். எல்.எஸ்.யு. கல்லூரி அணியில் கடைசிப் பருவத்தில் பெரும்பாலும் ஸ்லாட்டில் நின்று 111 பந்துகளைப் பிடித்தவர். அவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்கள் போனார்கள். 21-ஆவது இடத்தில் பிலடெல்பியா ஜேலன் ரீகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. 2022-இல் அவர் 1,800 கஜத்தைத் தாண்டினார். அதற்காக ஸ்லாட்டில் நிற்பவர் எல்லோரும் ஜெஃபர்சன் ஆகிவிட மாட்டார்கள். அங்கே எதிராளி பெரும்பாலும் விலகி நிற்பார், கிளம்புவது எளிது. எதிராளி நெருங்கி நின்று தடுக்கும் பிரஸ்ஸுக்கு எதிராகக் கிளம்பிய ஸ்னாப்புகளைத் தேடியெடுங்கள். பதினைந்து கிடைத்தாலும் போதும். பந்து வராதவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: எல்லைக்கோட்டில் பிடிக்கும் பந்துகள் தொழில்முறை ஆட்டத்திலும் செல்லுமா?

கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் பட வேண்டும். இரண்டாவது காலை இழுத்து ஊன்றும் பழக்கம் இப்போதே இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 170 பவுண்டுதான் இருக்கிறார். அடி தாங்குவாரா?

டெவான்டா ஸ்மித்தைப் பற்றியும் இதையே கேட்டார்கள். ஏறக்குறைய அதே எடையில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார், 2021-இல் பத்தாவதாகப் போனார், 2022-லும் 2023-லும் ஆயிரம் கஜத்தைத் தாண்டினார். கார்னர்பேக்கின் கை மேலே விழுமுன் அதைத் தட்டிவிடத் தெரிந்தவருக்கு எடை குறைவது பெரிய தடையல்ல. தட்டத் தெரியாதவர் 200 பவுண்டு இருந்தும் பயனில்லை.

கேள்வி: புகா நகுவா ஐந்தாம் சுற்றுவரை எப்படி நழுவினார்?

பி.ஒய்.யு. கல்லூரி அணியில் காயங்களால் ஆட்டங்களைத் தவறவிட்டார், ஓட்ட நேரமும் சாதாரணம். 177-ஆவதாகப் போனவர் முதல் பருவத்திலேயே 105 பந்துகள், ஏறக்குறைய 1,500 கஜம். பழைய ஆட்டங்கள் கிடைத்தால் பந்து வேறொருவரிடம் இருக்கும் ஸ்னாப்புகளில் அவரைப் பின்தொடருங்கள். எத்தனை முறை தானாகத் தேடிப்போய் ஒருவரை பிளாக் செய்கிறார் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.