வெயிலில் கறுத்துவிடுவாள் என்ற ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 73. மயிலாடுதுறையில், காவிரிக்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி, மாமனார் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன் சென்னையில் இருக்கிறான். இந்த ஊரின் மழையும் வெயிலும், ஆற்றில் தண்ணீர் வரும் நாளும், எங்கள் வீட்டில் மாதந்தோறும் செய்துவந்த காரியங்களும் என்னோடு போய்விடக் கூடாது என்று இரண்டு இருநூறு பக்க நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். மகன் ‘அப்புறம் படிக்கிறேன்மா’ என்கிறான். பேரன் திறந்துகூடப் பார்க்கவில்லை. போன சித்திரையில் நான் வடகம் போடும்போது 14 வயதுப் பேத்தி மாடிக்கு வந்து நின்றாள். வெயிலில் கறுத்துவிடுவாள் என்று கீழே அனுப்பிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பிடிப்பு இல்லை. நோட்டுகளைப் புத்தகமாகப் போட்டால் படிப்பார்களா? எனக்குப் பின் இதையெல்லாம் யார் செய்யப்போகிறார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தையும், அதனுடன் வைத்து அனுப்பியிருந்த பன்னிரண்டு பக்க நகலையும் இரண்டு முறை படித்தேன். ‘எனக்குப் பின் யார் செய்யப்போகிறார்கள்’ என்ற வரி இந்தப் பகுதிக்கு வந்து சேராத மாதமே இல்லை. காரைக்குடியிலிருந்து வரும், விருதுநகரிலிருந்து வரும், போன மாதம் சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. காலம் மாறிவிட்டது, மனத்தைத் தளரவிடாதீர்கள், பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் மேல் பாசம் இருக்கத்தான் செய்யும் என்று எழுதி அனுப்புவது எனக்கு எளிது. அதை நான் எழுதப்போவதில்லை. மகனைப் பற்றிய குறைக்கும் புத்தகம் பற்றிய கேள்விக்கும் நடுவே, போகிற போக்கில், பேத்தியைக் கீழே அனுப்பியதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் பதில் அதற்குத்தான்.

அந்த வரியை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள். சித்திரை மாதம், மாடித் தளத்தில் கால் வைக்க முடியாத சூடு. கீழே மின்விசிறி ஓடுகிறது, கையில் கைப்பேசி இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெண் படியேறி வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். பூண்டும் வெந்தயமும் கடுகும் சேர்ந்து புளித்த சின்ன வெங்காயத்தின் வாடை கீழ்க்கட்டு வரை இறங்கியிருக்கும், அதுதான் அவளை மேலே அழைத்து வந்திருக்கும். ஏறக்குறைய நானூறு பக்கம் எழுதி நீங்கள் யாரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களோ, அவள் தானாகவே வந்து நின்றாள். அவளைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். அப்படியிருக்க, அடுத்த வரியிலேயே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிப்பு இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கறுத்தால்தான் என்ன, அம்மா? பத்து நாள் வெயிலில் நின்ற பெண் ஆடி பிறப்பதற்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடுவாள். ஆனால், நிறத்தைக் காப்பாற்றிக்கொள் என்று பாட்டியின் வாயால் கேட்ட சொல் அவளுக்கு நாற்பது வயதானாலும் நெஞ்சை விட்டுப் போகாது. உங்கள் நகலின் ஐந்தாம் பக்கத்தில் சம்பா நடவுக்கு வந்த பெண்களைப் பற்றி உருகி எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் குனிந்த முதுகு நிமிராமல் பாடிய பாட்டு இன்னும் காதில் கேட்கிறது என்கிறீர்கள். அந்தப் பெண்கள் எந்த வெயிலில் நின்றார்கள்? அவர்கள் நிறம் உங்களுக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது, எழுத்திலும் வந்திருக்கிறது. சொந்தப் பேத்தியின் தோலில் அதே நிறம் படக் கூடாது என்று நினைத்தது பாசத்தால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். பாசத்தின் பெயரால் நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் தீங்குகளில் இதுவும் ஒன்று என்று நான் சொல்வேன்.

இனி உங்கள் மாமியாரைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் அந்த நோட்டில் உயிருள்ள பக்கம் அவரைப் பற்றியதுதான். கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில், பத்தொன்பது வயதில், விடியற்காலை நான்கு மணிக்கு உங்களை எழுப்பி ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை முன்னால் கொட்டி உரிக்கச் சொன்னார். கண் எரிந்தது, அம்மா வீட்டு நினைவு வந்தது, அழுதது வெங்காயத்தாலா துக்கத்தாலா என்று யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இடித்த வெங்காயத்தில் உளுந்தும் கடுகும் சீரகமும் மஞ்சளும் பிசறிப் பானையில் மூடி வைத்தது, காலையில் பாயில் உதிர்த்தது, மாலையில் அள்ளி மறுபடி பானையில் போட்டது, ஈரம் இழுத்த பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருட்டியது என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, உருட்டும் பதம் எது என்ற இடத்துக்கு வந்ததும் ‘அது கைக்குத் தெரியும்’ என்று முடித்துவிட்டீர்கள். உண்மை, கைக்குத்தான் தெரியும். உங்கள் கைக்கு அது தெரிந்ததற்குக் காரணம், உங்களுக்கு விருப்பமா என்றுகூடக் கேட்காமல் ஒருவர் உங்களைப் பாயின் ஓரத்தில் உட்காரவைத்தார் என்பதுதான். பேத்தி விருப்பத்தோடு வந்தாள், அவளுக்கு அந்த ஓரம்கூடக் கிடைக்கவில்லை. கைக்குத் தெரிவதை அவள் எந்தப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வாள்?

இது பேத்தியோடு தொடங்கியதும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை மகனை வயல் பக்கமே விட்டதில்லை என்று பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதே நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி, குத்தகைக்கு விட்டிருக்கும் ஆறு மா நிலம் இரண்டு ஏக்கர் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை என்று வருந்துகிறீர்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்ற தஞ்சைக் கணக்கை அவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நோட்டைத் திறக்காத மகனை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெற்ற தாய் ஏறக்குறைய நானூறு பக்கம் எழுதியிருக்கும்போது அதில் ஒரு பக்கத்தைப் படிக்க நேரம் தராத உத்தியோகம் எதுவும் சென்னையில் இல்லை. உங்கள் மகன் எழுதிக் கேட்டிருந்தால் அவருக்கும் இதே கடுமையோடுதான் பதில் சொல்லியிருப்பேன். கேட்டவர் நீங்கள்.

குடும்பத்தில் மூத்தவருக்கு உள்ள முதல் கடமை வேலை வாங்குவது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சமைத்துப் போட்டு, பை நிறைய முறுக்கும் சீடையும் கட்டிக் கொடுத்து, உழவன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டுக் கண் கலங்குவதோடு நம் தலைமுறைப் பெண்கள் பலர் நின்றுவிட்டோம். பிள்ளைகளை விருந்தாளிகளாக நடத்திவிட்டு, அவர்கள் வீட்டு மனிதர்களாக இல்லையே என்று புலம்புகிறோம். என் பாட்டி ஏழு வயதில் என்னைக் காக்கை ஓட்ட மாடியில் உட்காரவைத்தார். கிழிந்த குடைத்துணியைக் கழியில் கட்டிப் பாய் ஓரத்தில் நட்டுவிட்டு, அது மட்டும் போதாது என்று என் கையில் ஒரு வேப்பங்கொத்தையும் கொடுத்தார். விளையாடப் போக முடியாத ஆத்திரத்தில் அன்று நான் அவரோடு பேசவே இல்லை. காய்ந்த வடகத்தை ஒடித்தால் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று இன்று எனக்குத் தெரிகிறது என்றால் அது அந்த ஆத்திரத்தோடு சேர்ந்து வந்ததுதான்.

புத்தகம் போடுவதற்கு நான் எதிரி அல்ல, ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் பக்கங்களில் ‘அந்தக் காலம் வருமா’ என்ற பெருமூச்சு அடிக்கடி வருகிறது, அதைப் பேரன் படிக்காததில் எனக்கு வியப்பில்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் நான் மூச்சுப் பிடித்துப் படித்தேன். நுரையும் சருகும் முதலில் உருண்டு வர, காய்ந்த மணல் சீறிக் குடிக்க, அதற்கு முன்னால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்று படித்ததும் எனக்கே கால் ஓடியது. ஆனால், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று திறக்கப்படவே இல்லை, 2020-இல்தான் மறுபடி அந்தத் தேதியில் திறந்தார்கள். உங்கள் பேத்தியின் சின்ன வயது முழுவதும் தண்ணீர் நாள் தவறி வந்த காலத்தில் கழிந்திருக்கிறது. தண்ணீருக்கு முன்னால் ஓடியறியாத பெண்ணுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லும்? முதலில் அவளை ஆற்றங்கரையில் நிறுத்துங்கள், பிறகு நோட்டைக் கொடுங்கள்.

தீபாவளிக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஐப்பசி, காவிரியில் நீராடும் துலா மாதம். எண்ணெய்க் குளியலும் பலகாரமும் முடிந்ததும் தூங்கவிடாமல், மறுநாள் விடிவதற்கு முன்பே பேத்தியையும் பேரனையும் எழுப்பிக் காவிரியின் துலாக்கட்டப் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். குளிர்கிறது என்பார்கள், குளிரட்டும். ஏதோ காரணத்தால் வர முடியாமல் போனால் கார்த்திகை முதல் நாளுக்கு அழையுங்கள். ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்குள் நடந்து வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக, மறுநாள் முழுகினாலும் அதே பலன் உண்டு என்று இறைவன் அருளியதாகச் சொல்லி இன்றும் முடவன் முழுக்கு நடத்துகிற ஊர் உங்களுடையது. நேரம் தவறி வந்தவனுக்கு ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு, 14 வயதுப் பிள்ளைக்குப் பிடிப்பு இல்லை என்று நீங்கள் தீர்ப்பு எழுதலாமா?

வடகத்துக்கு அடுத்த சித்திரை இருக்கிறது. ஆனால், பேத்தியோடு பேசுவதற்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டாம். மகன் மூலமாகச் சொல்லி அனுப்பாமல், இன்று மாலை அவள் பள்ளியிலிருந்து வந்ததும் நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அன்றைக்கு உன்னைக் கீழே அனுப்பியது என் தவறு, முழுப் பரீட்சை முடிந்ததும் வா, மாடியில் எனக்கு நீ வேண்டும் என்று சொல்லுங்கள். பேத்தியிடம் தவறை ஒப்புக்கொள்வதால் உங்கள் மரியாதை ஒரு குண்டுமணி அளவும் குறையாது. பேரனையும் விட்டுவிடாதீர்கள், ஆண் பிள்ளை என்று அவனைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தால் உங்கள் மகன் கதைதான் மறுபடி நடக்கும். இரண்டாவது நோட்டில் மீதமிருக்கும் பக்கங்களை நீங்கள் நிரப்ப வேண்டாம். எத்தனை கிலோவுக்கு எத்தனை ஆழாக்கு உளுந்து, பதம் வந்தபோது கையில் எப்படி ஒட்டியது என்று அவள் தன் கையெழுத்தில் எழுதட்டும்.

ஒன்றே ஒன்று. பிள்ளைகள் ரயிலிலிருந்து இறங்குவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று தெரிகிறது. வெங்காயத்தை வாங்கிச் சாக்கோடு தாழ்வாரத்தில் போட்டு வையுங்கள், உரித்து வைக்காதீர்கள்.